ஆற்றில் ஒதுங்கிய, அடையாளம் தெரியாத உடல்: காணாமல் போனவருக்கு இறப்புச் சான்று பெறுவது எப்படி?

ஆற்றங்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் வட்டத்தில் தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். 2017 ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இறங்கிய என் சித்தப்பா இன்று வரை திரும்பவில்லை. மூன்றாம் நாள் கொடுத்த புகாரின் பேரில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதன் நகல் எங்களிடம் உள்ளது. இப்போது சித்தி பெயருக்குப் பட்டா மாற்ற வேண்டியிருக்கிறது. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று தர இயலாது என்று தாலுகா அலுவலகத்தில் கூறிவிட்டார்கள். 7 ஆண்டுகள் கடந்துவிட்டால் தானாகவே இறந்தவராகக் கொள்ளப்படும் என்று ஊரில் பலர் சொல்கிறார்கள்.

இதற்கிடையில், அதே ஆண்டு கார்த்திகையில் ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறோர் ஊரில் அடையாளம் தெரியாத ஆண் உடல் ஒன்று ஒதுங்கியதாகவும், அதைப் புதைத்துவிட்டதாகவும் ஒருவர் இப்போதுதான் சொன்னார். சித்தப்பா அநாதைப் பிணமாகப் போயிருப்பாரோ என்று சித்தி இரண்டு நாட்களாகச் சாப்பிடவில்லை. பெயர் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்ட ஒருவரைப் பற்றி அரசிடம் ஏதேனும் பதிவு இருக்குமா?

ஓய்வுபெற்ற ஏட்டு:

தம்பி, நிச்சயம் இருக்கும். நிலைய எழுத்தராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயர் தெரிந்த பிரேதத்துக்கு எழுதுவதைவிடப் பெயர் தெரியாத பிரேதத்துக்கு எழுதும் தாள்தான் நீளமானது. பெயர் இருந்தால் ஒரே வரியில் ஆளைச் சொல்லிவிடலாம். இல்லாதபோது பல்வரிசை, மச்சம், பச்சை குத்தியது, அரைஞாண் கயிற்றின் நிறம், சட்டைக் காலரில் உள்ள தையற்கடைத் துணித்துண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதியாக வேண்டும்.

அன்றைய நடைமுறை இதுதான். பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரின் புகாரின் பேரில், அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவின் கீழ் வழக்குப் பதிவாகும். (2024 ஜூலை 1 முதல் இதுவே புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு.) அக்கம்பக்கத்தில் வசிக்கும் இருவர் அல்லது அதற்கு மேற்பட்ட பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்திக் கையெழுத்து வாங்குவோம். பிறகு உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். உரிமை கோரி எவரும் வராவிட்டால் புதைப்போமே தவிர எரிப்பது வழக்கமில்லை. பின்னால் உறவினர் வந்தால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்பதே காரணம். மரபணுச் சோதனைக்காகப் பல்லோ தொடை எலும்போ எடுத்து வைப்பதும் உண்டு.

அந்த விசாரணை அறிக்கை நிலையத்தோடு நின்றுவிடாமல் கோட்ட அளவிலான நடுவருக்கும் போயிருக்கும். சேரன்மகாதேவிக் கோட்டத்துக்குள் என்றால் சார் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் உடலைச் சேரன்மகாதேவியோடு நிறுத்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. திருவைகுண்டம் அணைக்கட்டு வரை கூடக் கொண்டு போகும். 1986இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து அது தூத்துக்குடி எல்லை. உங்கள் புகார் ஒரு மாவட்டத்திலும் பிரேத வழக்கு இன்னொரு மாவட்டத்திலும் இருந்தால், இரண்டு கோப்புகளையும் ஒருவர் கையில் எடுத்து ஒப்பிடாத வரை அவை சந்தித்துக்கொள்வதே இல்லை. காவல் துறையின் இணையச் சேவையிலும் தேடிப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் முதல் தகவல் அறிக்கையில் அங்க அடையாளம் என்று என்ன எழுதியிருக்கிறது?

பாளை வழக்கறிஞர்:

ஏட்டு ஐயா சொன்னதோடு சட்டத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன். 7 ஆண்டுகள் கடந்ததும் தானாகவே இறந்தவர் ஆகிவிடுவார் என்பது சரியல்ல. அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள், அதாவது மனைவி, மக்கள், உடன்பிறந்தவர்கள், 7 ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்று நிறுவினால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் சுமை அப்படிச் சொல்பவர் மீது விழும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது இதுதான். புதிய சாட்சியச் சட்டத்தில் இது 111ஆம் பிரிவு. இதை உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, சாட்சி சொல்லி, தீர்ப்பாகப் பெற வேண்டும்.

அப்படிப் பெற்றாலும் அவர் இறந்துவிட்டார் என்ற அனுமானம் கிடைக்குமே தவிர, என்றைக்கு இறந்தார் என்பது கிடைக்காது. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுராதா என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: இறந்த நாளை யார் சொல்கிறாரோ அவரே சாட்சியத்தால் மெய்ப்பிக்க வேண்டும். காணாமல் போன நாளே இறந்த நாள் என்று நினைத்துப் பிரீமியம் கட்டாமல் விட்டுவிட்டுப் பிறகு பாலிசித் தொகைக்கு அலையும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்குப் பாலிசி ஏதும் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

ஆகையால் அந்த உடலைத் தேடுவது வீண் வேலை அல்ல. அது அவர்தான் என்று உறுதியானால் 7 ஆண்டு அனுமானமே தேவைப்படாது. பொது இடத்தில் கிடந்த உடலைப் பற்றி இறப்புப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 8ஆம் பிரிவில் இருக்கிறது. பெயர் தெரியாதவர் என்று அன்றே பதிவாகியிருந்தால் 15ஆம் பிரிவின்படி திருத்தம் கேட்கலாம். பதிவே ஆகவில்லை என்றால் 13ஆம் பிரிவின்படி தாமதப் பதிவு. 2023 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான உத்தரவைப் பெற நீதித்துறை நடுவரிடம் போக வேண்டியதில்லை, மாவட்ட ஆட்சியர் நிலையிலோ கோட்ட நிலையிலோ பெறலாம். அவசரத்தில் யாரேனும் ஒரு தேதியைச் சொல்லிச் சான்று வாங்கித் தருவதாக வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சித்தியிடம் ஒன்றைச் சொல்லுங்கள். வீடற்று இறப்பவருக்கும் அவரவர் சமய வழக்கப்படி கண்ணியமான அடக்கம் உரியது என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அநாதைப் பிணம் என்ற சொல் நம் பேச்சில்தான் இருக்கிறது.

பிணவறைப் பணியாளர்:

மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்திருப்பார்களோ என்ற பயம் வேண்டாம். உரிமை கோரப்படாத உடல்களைக் கல்லூரிக்குக் கொடுக்க 1951ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம் வழி செய்கிறது என்றாலும், நாட்கணக்கில் தண்ணீரில் ஊறிப் பிரேதப் பரிசோதனையும் ஆன உடல் பாடத்துக்கு ஆகாது. அவருக்கு எலும்பு முறிவுக்கு அறுவை நடந்ததா? உள்ளே வைத்த தகடு மண்ணில் மக்காது.

ஆற்றங்கரையான்:

நன்றி, ஐயா. ஏட்டு ஐயா கேட்ட பிறகுதான் முதல் தகவல் அறிக்கையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். வயது 52, மாநிறம், நீலக் கைலி, தோளில் துண்டு, இவ்வளவுதான் இருக்கிறது. 2011இல் அவர் பைக்கில் இருந்து விழுந்து வலது தொடையில் தகடு வைத்ததை அன்று நாங்கள் சொல்லவே இல்லை. பெரியப்பா அப்போது புத்தூர் கட்டுக்குத்தான் அழைத்துப் போகச் சொன்னார். அவர் பேச்சை யாரும் கேட்காமல் போனது நல்லதாயிற்று.

சித்தி டிரங்குப் பெட்டியைத் திறந்து எக்ஸ்ரே படத்தை எடுத்துத் தந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தகடும் ஆறு திருகாணிகளும் தெளிவாகத் தெரிகின்றன. திங்கட்கிழமை இதை எடுத்துக்கொண்டு முதலில் சேரன்மகாதேவிக்கும், அங்கே கிடைக்காவிட்டால் திருவைகுண்டத்துக்கும் போகிறேன்.