ஜப்பானியக் கைவினைக் கத்தரிக்கோல் ஒன்றே வீட்டு வேலை அனைத்திற்கும் போதுமா?

கேள்வி: நெல்லிமரம் (சத்துவாச்சாரி)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மகன் ஜப்பானின் நாகோயா நகரில் பணிபுரிகிறான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, கையால் செய்த பல்பயன் கத்தரிக்கோல் ஒன்றை எனக்காக வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். அவன் அனுப்பிய விளம்பரத்தில், சாமுராய் வாள் செய்த கொல்லர்களின் வழிவந்த கைத்திறன் என்றும், காகிதம், துணி, அட்டை, பூந்தண்டு, கீரை என எதையும் வெட்டும் என்றும், தலைமுறை தாண்டி உழைக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். விலையைப் பார்த்தால், வேலூர் லாங் பஜாரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கத்தரிக்கோல்களில் ஒரு பெட்டியையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரே கத்தரிக்கோல்தான் காலையில் பால் பாக்கெட்டையும், பகலில் பார்சல்களின் டேப்பையும், மாலையில் பூச்சரத்தின் நாரையும், இரவில் மாத்திரை அட்டையையும் வெட்டுகிறது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் எஃகு எது? கூர் மழுங்கினால், தெருவில் சைக்கிளில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா? என் கணவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

பதில் 1: பாலாற்றங்கரை (காட்பாடி)

வணக்கம் அம்மா. தொழிற்பயிற்சி நிலையத்தில் உலோக வேலை கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வாள் கொல்லர் கதையில் உண்மை உண்டு. 1876ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு பொதுமக்கள் வாள் அணிந்து நடப்பதைத் தடை செய்தபோது, வாளையே நம்பியிருந்த கொல்லர்களில் பலர் கத்திக்கும் கத்தரிக்கும் மாறினார்கள். நாகோயாவிலிருந்து எளிதில் சென்று வரக்கூடிய செக்கி நகரம் பல நூற்றாண்டுகளாக வாளுக்குப் பெயர் பெற்றது; இன்று அங்கே சமையல் கத்தியும் கத்தரிக்கோலும் பெருமளவில் உற்பத்தியாகின்றன. ஆனால் அவ்வூரில் செய்தது என்பதாலேயே ஒன்று கைவினைப் பொருளாகிவிடாது. இரும்புக் கம்பியைக் காய்ச்சி, அலகு முதல் கைப்பிடி வளையம் வரை சுத்தியலால் அடித்தே உருவாக்குவது ஒரு வகை. அலகை இயந்திரத்தில் அச்சாக வெட்டியெடுத்து, தீட்டுவதையும் இரண்டு அலகுகளை இணைத்துச் சரிபார்ப்பதையும் மட்டும் கையால் செய்வது மற்றொரு வகை. இரண்டையுமே விளம்பரம் கைவினை என்றுதான் சொல்லும், விலைதான் பல மடங்கு வேறுபடும். வீட்டு உபயோகத்திற்கு இரண்டாவது வகையே போதும் என்பது என் கருத்து, ஏனெனில் கத்தரிக்கோலின் தரம் தீர்மானமாவது அந்தக் கடைசி இணைப்பு வேலையில்தான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கத்தரிக்கோலை மூடி வெளிச்சத்திற்கு நேராகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், திருகாணிக்கும் நுனிக்கும் நடுவே இரு அலகுகளும் ஒட்டாமல் மெல்லிய இடைவெளி தெரியும். பலர் அதைக் குறை என்று நினைத்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் அந்த இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. ஒவ்வோர் அலகும் சிறிதளவு வளைந்திருப்பதாலும், உட்பக்கம் லேசாகக் குழிவாகத் தீட்டப்பட்டிருப்பதாலும், மூடும்போது இரண்டும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் உரசுகின்றன. அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிவரை நகர்ந்து செல்லும்போதுதான் துணியும் காகிதமும் மடங்காமல் வெட்டுப்படுகின்றன. அந்த வளைவை ஒரு மயிரிழை கூட்டிக் குறைத்து, வெட்டிப் பார்த்து, மீண்டும் தட்டிச் சரிசெய்பவரின் கைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

இதிலிருந்தே சாணைக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. தெருச் சாணைக்காரர் நல்ல கைக்காரராகவே இருந்தாலும், அவருடைய சக்கரம் பெரும்பாலும் தண்ணீரில்லாமல் சுழல்வது. கார்பன் எஃகு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் அளவில்தான் பதமாக்கப்படுகிறது. உலர்ந்த சக்கரத்தில் விளிம்பு அதைவிடச் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. அதைவிடப் பெரிய கேடு, பளபளப்பாக்கும் எண்ணத்தில் உட்பக்கத்தைச் சக்கரத்தில் வைத்துத் தட்டையாக்கிவிடுவது. எனவே திருகாணியைக் கழற்றி, அலகுகளைத் தனித்தனியாக, நனைத்த கல்லில், வெளிச்சரிவை மட்டும் அதே கோணத்தில் தீட்ட வேண்டும். உட்பக்கம் எழும் பிசிரை நீக்க அலகைக் கல்லில் படுக்க வைத்து ஓரிரு முறை மெதுவாக இழுத்தால் போதும்.

எஃகைப் பொறுத்தவரை, உங்கள் பட்டியலைப் பார்த்தால் துருப்பிடிக்காத எஃகையே பரிந்துரைப்பேன். கார்பன் எஃகு கூடுதல் கூர் ஏற்கும், தீட்டவும் எளிது. ஆனால் எலுமிச்சையோ புளியோ ஈரக் கீரையோ பட்டு ஒரு மணி நேரம் மேடையில் கிடந்தாலே கறை பிடித்துவிடும்.

பதில் 2: தையற்கூடம் (ஆம்பூர்)

காட்பாடி ஐயா எழுதியதை நானும் வழிமொழிகிறேன். காலணி மேற்பாகம் தைக்கும் கூடத்தில் மேற்பார்வையாளராக இருப்பதால் நாள் முழுவதும் கத்தரிகளோடுதான் என் வாழ்க்கை. எங்கள் கூடத்தில் துணி வெட்டும் கத்தரியால் ஒரு காகிதத்தை வெட்டினாலும் பெரிய சண்டையே வந்துவிடும். காகிதத்தில் சேர்க்கப்படும் களிமண், சுண்ணாம்பு போன்ற தாதுத் தூள்கள் விளிம்பைத் தேய்ப்பதால், அதன் பிறகு மெல்லிய துணி நழுவ ஆரம்பிக்கும். ஆகவே பல்பயன் என்ற சொல்லை நம்பி, அம்மா தம்முடைய ரவிக்கைத் துணியையும் அதே கத்தரியில் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்சல் டேப்பின் பசைதான் வீட்டுக் கத்தரிக்கு முதல் எதிரி. கத்தரி மழுங்கிவிட்டது என்று எங்கள் உறவினர்கள் கொண்டு வந்து கொடுப்பவற்றில் பல, பசையைத் துடைத்தவுடன் பழையபடி வெட்டுகின்றன. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பசையை ஊறவைத்துத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும் என்பதால் திருகாணிக்கு அதை விடாதீர்கள்; அங்கே தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டாலே போதும்.

இன்னொரு செய்தி. நூல் வெட்ட எங்கள் பெண்கள் கைக்குள் வைத்து அழுத்தும், வளையமில்லாத சிறு வெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானிலும் இதே வடிவக் கத்தரி நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஹியோகோ மாநிலத்திலுள்ள ஓனோ நகரம் அதற்குப் பெயர் பெற்றது. பூ நாருக்கும் நூலுக்கும் அது மிகவும் வசதி, விலையும் குறைவு. தம்பி மகனிடம் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

பதில் 3: மோர்தானா (குடியாத்தம்)

நண்பர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு இந்தச் செலவு தேவையற்றதாகவே படுகிறது. எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள், தகர அச்சை இலைமேல் வைத்து, சிறிய இரும்புக் கத்தரியால் நாளெல்லாம் வெட்டுகிறார்கள். அந்தக் கத்தரியைச் செய்தவர் பெயரோ ஊரோ யாருக்கும் தெரியாது, ஆனாலும் கூர் குறைந்தவுடன் தாங்களே தீட்டிக்கொள்வதால் அது பல்லாண்டு உழைக்கிறது. நம் நாட்டிலேயே மீரட் கத்தரி இருக்கிறது. பழைய வாகன இரும்பை உருக்கி அடித்துச் செய்யும் அந்தக் கத்தரிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. தாத்தா வாங்கியதைப் பேரன் பயன்படுத்துவான் என்று அந்த ஊர்க்காரர்களும் சொல்லத்தான் செய்கிறார்கள். பால் பாக்கெட்டின் மூலையை வெட்ட ஜப்பானிலிருந்து விமானத்தில் கத்தரி வர வேண்டுமா?

பதில் 4: பாலாற்றங்கரை (காட்பாடி)

குடியாத்தம் நண்பரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. தீட்டத் தெரிந்தவர் கையில் மலிவான கத்தரியும் நன்றாகவே வெட்டும். ஆனால் மீரட் கத்தரி பெரும்பாலும் தையற்காரரை மனத்தில் வைத்துச் செய்யப்படுவதால் கனம் அதிகம், அலகும் துருப்பிடிக்கும். சமையலறையில் புழங்குவதற்கு அது ஏற்றதல்ல.

பதில் 5: இடக்கையன் (ஆரணி)

அம்மா, உங்கள் கணவரைப் பற்றிய கேள்விக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை. சாதாரணக் கத்தரியை வலக்கையால் பிடிக்கும்போது கட்டைவிரலின் தள்ளல் இரு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதையே இடக்கையில் பிடித்தால் அதே தள்ளல் அலகுகளை விலக்கிவிடும். வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். கைப்பிடி மட்டும் இரு கைக்கும் பொருந்தும் என்று விற்பவை இந்தச் சிக்கலைத் தீர்ப்பதில்லை, அலகுகளே இடம் மாறியிருக்க வேண்டும். ஜப்பானில் அப்படிப்பட்ட இடக்கைக் கத்தரிகள் கிடைக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் நான் தேடிச் சலித்த பொருள் அது.

நெல்லிமரம் (சத்துவாச்சாரி)

அனைவருக்கும் மிக்க நன்றி. பால் பாக்கெட்டுக்கும் பார்சலுக்கும் இப்போதிருக்கும் கத்தரியே தொடரட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். சமையலறைக்கு, திருகாணியைக் கழற்றிக் கழுவக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக் கத்தரி ஒன்றும், என் கணவருக்கு இடக்கைக் கத்தரி ஒன்றும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஆம்பூர் சகோதரர் சொன்ன நூல் வெட்டியையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். கடையில் வாங்கும்போது அவன் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பதில் 6: பாலாற்றங்கரை (காட்பாடி)

மெல்லிய துணி ஒன்றைக் கையோடு கொண்டு போய், நுனியால் மட்டும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நுனியில் துணி மடங்கினால் அந்தக் கத்தரி வேண்டாம். மெதுவாக மூடும்போது அடி முதல் நுனி வரை ஒரே சீரான அழுத்தம் கைக்குத் தெரிய வேண்டும், எங்கும் தடுக்கக் கூடாது. விமானத்தில் வரும்போது கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதால், அட்டையில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்து ஒப்படைத்துவிடச் சொல்லுங்கள்.