3500 கிலோ இழுக்கும் யூட் (பின்னால் சாமான் தட்டுள்ள பிக்கப் வண்டி), 3000 கிலோ கேரவனை (இழுத்துப் போகும் வீட்டு வண்டி) மாட்டினாலே பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மெல்பர்ன்வாசி:
வணக்கம். என்னுடையது டபுள் கேப் யூட். கேரவனின் ஏடிஎம், அதாவது சாமானோடு அது இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை, 3000 கிலோ. யூட்டின் கதவோர ஸ்டிக்கரில் ஜிவிஎம் (ஆட்கள், சாமானோடு யூட்டின் எடை வரம்பு) 3200, ஜிசிஎம் (யூட்டும் கேரவனும் சேர்ந்த வரம்பு) 6000 என்று இருக்கிறது. டோபார் (இழுவைக் கம்பி) தகட்டில் இழுக்க 3500, கேரவனை மாட்டுகிற பந்தின் மேல் அழுத்த 350. மில்டுரா ஊருக்குப் போகலாம் என்று சாமான் ஏற்றி ஓட்டிப் பார்த்தால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்குகிறது. எதிரே வருகிறவர்களெல்லாம் லைட் அடிக்கிறார்கள். 80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங்கில் பிடிப்பே இல்லை. பின் சஸ்பென்ஷனில் ஏர்பேக் (காற்றடைத்துத் தூக்கும் பை) போட்டால் சரியாகுமா?

கேரவன்_அண்ணா:
ஏர்பேக்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள் தம்பி. பின்பக்கம் நிமிரும், பார்க்க அழகாக இருக்கும், முன் சக்கரத்தை விட்டுப் போன எடை திரும்பி வராது. சட்டப்படி உள்ள வரம்பும் ஒரு கிலோ கூடாது. முதலில் எடைமேடைக்குப் போங்கள். கேரவன் கொக்கியில் இருக்கும்போதே அதன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் வருவது ஜிடிஎம். கழற்றி, ஜாக்கி வீலோடு (முன்பக்கம் தாங்கும் சிறு சக்கரம்) முழுதாக நிறுத்தினால் வருவது மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தின் மேல் உட்காரும் எடை. யூட்டையும் குடும்பத்தோடு தனியாக நிறுத்துங்கள்.

மெல்பர்ன்வாசி:
போட்டுவிட்டேன் அண்ணா. கேனபி (டிரேயின் மேல்மூடி), புல்பார் (முன்பக்க இரும்புக் காப்பு), முழு டேங்க், நாங்கள் நான்கு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்த்து யூட் 2880. கேரவன் மொத்தம் 3000, சக்கரங்களில் 2640.

கேரவன்_அண்ணா:
அப்படியானால் பந்தில் 360. தகட்டில் 350தான், அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. அந்த 360ஐ யூட்தான் சுமக்கிறது, அதனால் ஜிவிஎம் கணக்கில் சேரும்: 2880 + 360 = 3240. அங்கேயும் 40 கிலோ அதிகம். ஜிசிஎம்மில் மட்டும் 5880, தப்பித்தீர்கள். இதே ஆட்களோடும் பெட்டிகளோடும் விளம்பரத்தில் சொல்கிற 3500ஐ இழுத்திருந்தால் 6380. அந்த 3500 ஆளில்லாத, வெறும் யூட்டுக்குத்தான் சரிப்படும்.

பழைய_மெக்கானிக்:
ஸ்டீயரிங் ஏன் லேசாகிறது என்று யாரும் சொல்லவில்லையே. பந்து பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. சீசா மாதிரிதான். வீல்பேஸ் 3.2 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 360 கிலோ அழுத்தினால் பின் அச்சில் 495 ஏறும், முன் அச்சில் 135 குறையும். பின் அச்சுக்குத் தனி வரம்பு உண்டு, அதையும் பாருங்கள். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (எடையைப் பகிரும் கொக்கி) போட்டால் முன்பக்கத்துக்குக் கொஞ்சம் எடை திரும்பும், ஆனால் பந்தின் வரம்பு அப்படியேதான் இருக்கும். சில வண்டிகளில் அதைப் போடக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கும்.

சரி, கேரவனின் முன் பெட்டியில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

மெல்பர்ன்வாசி:
40 கிலோ ஜெனரேட்டர், 30 கிலோ டூல் பாக்ஸ், இரண்டு கேஸ் சிலிண்டர்.

பழைய_மெக்கானிக்:
அதைச் சொல்லுங்கள்! ஜெனரேட்டரை வீட்டில் விடுங்கள். டூல் பாக்ஸை உள்ளே, அச்சுக்கு நேராக, தரையோடு வையுங்கள். யூட்டின் டிரேயில் போட்டுவிடாதீர்கள், அங்கேயும் இடமில்லை. அதற்காகக் கேரவனின் பின் மூலைக்கும் தள்ளாதீர்கள். பந்தில் எடை ரொம்பக் குறைந்தால் கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும், லாரி பக்கத்தில் கடக்கும்போது கதி கலங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு பந்தில் இருக்கும்படி வையுங்கள். அது பழக்கம், சட்டமில்லை. சட்டம் பார்ப்பது தகட்டில் உள்ள எண்ணை. யூட், டோபார், கப்ளிங் (பந்தைப் பிடிக்கிற கேரவனின் கொக்கி) மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

கேரவன்_அண்ணா:
அப்புறம் இன்னொன்று. ஜிடிஎம் 2000ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக்கும், கழன்றால் தானே பிடிக்கிற பிரேக்அவேயும் கட்டாயம். அதன் பேட்டரியைச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மெல்பர்ன்வாசி:
மறுபடி நிறுத்தினேன். கேரவன் 2960, பந்தில் 300. யூட்டையும் சேர்த்தால் 3180. மூக்கு இறங்கிவிட்டது. பிரேக்அவே பேட்டரிதான் செத்துக் கிடந்தது, மாற்றியாகிவிட்டது. தண்ணீர் டேங்க் இரண்டும் காலியாகத்தான் இருக்கின்றன, வழியில் நிரப்பலாமா?

பழைய_மெக்கானிக்:
லிட்டருக்கு ஒரு கிலோ. ஏடிஎம்முக்கு இன்னும் 40தான் மிச்சம், யூட்டுக்கு 20. மில்டுராவில் குழாய் இருக்கிறது, காலியாகவே போங்கள்.