அரிப்புக் கரையில் ஒரு பங்குனி இரவு

கூடாரத்தில் தங்கிய அனுபவம் கேட்கிறீர்கள். வன்னியில் என் வயதுக்காரரிடம் கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். 2009இல் எனக்குப் பதினொரு வயது. போரில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள் மாதக்கணக்கில் கிடந்தவன். ஆனால் சொல்ல வந்தது போன பங்குனிக் கதை.

மச்சான் கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்தான். அங்கே வசந்த காலத்தில் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் கூடாரம் அடித்தவன். மொகாவி, கொலராடோ என்ற இரண்டு பாலைவனங்களும் சந்திக்கும் இடமாம். பகலெல்லாம் வெயில், இரவில் நடுக்கமாம். அப்புறம் பிக் சர் கரை. அங்கே கோன் பீக் என்ற மலை, கடலிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தள்ளி 1,571 மீற்றர் உயரத்துக்கு நிற்கிறதாம். "இங்கையும் அப்பிடி ஒரு மணலும் மலையும் காட்டு மச்சான்" என்றான். மணல் இருக்கிறது, மலைக்கு எங்கே போவேன்? குதிரைமலை இருப்பது வில்பத்து வனவிலங்குப் பூங்காவுக்குள். நினைத்த இடத்தில் படுக்க விடமாட்டார்கள். சரி, மன்னார்க் கரையில் இருக்கும் அரிப்பு ஊருக்குப் போவோம் என்றேன்.

அம்மா வாசலில் நின்று கேட்டார்: "காசு குடுத்து வாங்கின தறப்பாளுக்குள்ளையோ படுக்கப் போறியள்?"

கிளிநொச்சியிலிருந்து பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம் என்று கரையோரமாகவே இறங்கினோம். வங்காலையில் பூநாரைகள் கொஞ்சம் மிச்சம் நின்றன. அரிப்பில் டொரிக் மாளிகையைக் காட்டினேன். முத்துக்குளிப்பைப் பார்க்கவென்று ஆளுநர் பிரெடெரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டியது. கடல் அரித்து அரித்துச் சில சுவர்களே நிற்கின்றன. ஊர்ப் பெயரே அரிப்பு, வேறென்ன நடக்கும்!

பின்னேரம் கூடாரத்தை விரித்து உள்ளே போனேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் மணம். அதே மணம். உடனே வெளியே வந்துவிட்டேன். மச்சானுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அவன் அதற்குள் சின்ன மண்வெட்டியை எடுத்து நெருப்புக்குக் குழி வெட்டத் தொடங்கியிருந்தான். வலை காயப் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஐயா தூரத்திலிருந்தே கத்தினார்: "தம்பி, கிண்டாதை! உதைக் கீழ வை!"

மச்சான் திகைத்துப் போனான். எனக்கு வெட்கமாக இருந்தது, நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். போர்க்காலக் கண்ணிவெடி அகற்றிய இடமென்றாலும் பழகாத மண்ணைக் கிண்ட மாட்டோம், அதன் மேல் நெருப்பும் மூட்ட மாட்டோம். கீழே கிடப்பது சூடேறினால் வெடிக்கும். ஐயா எங்களை அலை கழுவும் ஈரமணலுக்குக் கூட்டிப்போய், அவரே மூன்று கல் தேடி வைத்தார். போகும்போது நாலு ஒட்டி மீனும் தந்தார். காசு நீட்டினோம், வாங்கவில்லை.

எட்டு மணிக்கு அம்மாவின் போன் கோல். "சாப்பிட்டியா" கூட இல்லை, முதல் கேள்வியே: "கூடாரத்தைச் சுத்தி வாய்க்கால் வெட்டினியே? மழை வந்தா உள்ளுக்கு வரும்."

வானத்தில் ஒரு முகில் இல்லை. ஐயா கிண்ட விடவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மனுசன் சொன்னாச் சரி" என்றார்.

நரி ஊளையிட்டது. மச்சான் கூடாரத்துக்குள் நித்திரை, நான் வந்த வான் வண்டிக்குள்.

* * *

முழங்காவிலிலிருந்து ஒரு பதில்: தம்பி, வானுக்குள் படுத்தது நல்லது. நாங்கள் நாயாற்றுப் பக்கம் தங்கினபோது விடிய எழும்பிச் செருப்பைத் தட்டினால் உள்ளே தேள். அன்றைக்கே மூட்டையைக் கட்டினோம்.

* * *

வவுனியாவிலிருந்து இன்னொன்று: எங்களுக்குக் கூடாரம் என்றால் மடுத் திருவிழாதான். ஆவணிக்குக் காட்டுக்குள் குடும்பமாகத் தங்குவோம். ஒருமுறை குரங்கு பாண் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அப்பா கீழே நின்று அதனிடம் கெஞ்சினார். அது சம்பல் பொட்டலத்தை மட்டும் திருப்பி எறிந்தது.