துப்பாக்கிச் சனியன்: இந்தச் சனியன் எங்கிருந்து வந்தது?

பழஞ்சோறு:
பழைய மொழிபெயர்ப்புகளில் 'துப்பாக்கிச் சனியனால் குத்தினார்கள்' என்று வரும். பயோனெட்டைத்தான், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சனியன் ஏன்? என் கணக்கு இது: ஊரில் தொல்லை பிடித்த எதற்கும் பெயர் சனியன்தான். பிடித்தால் விடாது, குத்தினால் பிழைக்க முடியாது. ஏழரைச் சனி மாதிரி துப்பாக்கி முனையில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்:
அண்ணே, ரசிக்க நல்லா இருக்கு, ஆனா தப்பு. இந்தியிலும் உருதுவிலும் பயோனெட்டுக்குப் பெயர் சங்கீன். பாரசீகத்தில் 'சங்' என்றால் கல். சங்கீன் என்றால் கல்லாலானது, கனமானது. கடுங்குற்றத்தையும் இந்திக்காரர்கள் இன்றும் சங்கீன் என்கிறார்கள். சிப்பாய், சுபேதார், ஹவில்தார் எல்லாம் வந்த அதே படைமுகாம் வழிதான் இதற்கும். கேட்ட சங்கீனை நம்மாள் தனக்குத் தெரிந்த சனியனாக்கிக்கொண்டான்.

பழஞ்சோறு:
சங்கம், சிங்கம், தங்கம்... இதில் எதில் தம்பி 'ங்க' தேய்ந்து 'ன' ஆனது? சங்கிலி நுழைகிற வாயில் சங்கீன் நுழையாதா? இடையில் ஒரு வடிவமாவது காட்டுங்க. அப்புறம், கனமானது என்கிறீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வைத்திருந்தது ஒல்லியான முக்கோண அலகு. கிட்டத்தட்ட கோணி ஊசி!

ஓலைப்பெட்டி:
சங்கீன் கிடக்கட்டும். துப்பாக்கியே தமிழ்தானே? 12ஆம் குறளைப் பாருங்கள்: 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி'. வள்ளுவர் காலத்திலேயே இருக்கிறது :)

பட்டறைக்காரன்:
ஐயா, அது மழையைப் பற்றிய குறள். அங்கே துப்பு என்றால் உணவு. உண்பவர்க்கு நல்ல உணவை உண்டாக்கி என்று பொருள். நம்ம துப்பாக்கி, துருக்கி மொழியின் துஃபெக்குக்கு உறவுக்காரன். ஆனாலும் நல்லதை எடுத்துக் கொடுத்தீங்க. அந்நியச் சொல் வந்து, ஒலி பொருந்தின தமிழ் உருவத்தில் ஏறி, இங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்துவிட்டது பாருங்க. சனியனும் அதே ஜாதிதான். கனம் எப்படி என்று என்னைக் கேட்காதீங்க, அது உருதுக்காரர் வைத்த பெயர்.

பழஞ்சோறு:
பொருந்துகிற கதையெல்லாம் உண்மையாகிவிடாது. பயோனெட்டுக்கே ஒரு கதை உண்டு: பிரான்சின் தென்மேற்கில் பாயோன் என்ற ஊர், சண்டையில் வெடிமருந்து தீர்ந்துபோன பாஸ்க் குடியானவர்கள் கத்தியைத் துப்பாக்கிக் குழலில் செருகினார்கள், அதனால் அந்தப் பெயர் என்று. 1611இல் வெளிவந்த பிரெஞ்சு-ஆங்கில அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கிறது. பொருள் என்ன? தட்டையான சிறு குத்துவாள், அல்லது இடுப்பில் தொங்கவிடும் பெரிய கத்தி. துப்பாக்கி வாடையே இல்லை! ஊர்ப்பெயரே இல்லை, குறுக்குவில் அம்பைக் குறிக்கும் 'பாயோன்' என்ற பழைய சொல்தான் மூலம் என்பாரும் உண்டு.

பட்டறைக்காரன்:
குடியானவர் கதையை நானும் நம்பவில்லை. ஆனா செருகினது உண்மை அண்ணே. மரப்பிடியைச் சீவி, குழல் வாயில் தக்கை மாதிரி அடைப்பார்கள். அடைத்தபின் சுட முடியாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படை சுட்டு முடித்துக் கத்தியைச் செருகுவதற்குள் மலைநாட்டார் வாளோடு வந்து விழுந்துவிட்டார்கள். குழலுக்கு வெளியே வளையமாக மாட்டும் வகையைப் படைப் பொறியாளர் வோபான் பிரெஞ்சுப் படைக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காலகட்டத்தில்தான். இடுப்புக் கத்தியின் பெயர் குழலடைப்புக்குப் போய், அங்கிருந்து வளையக் கத்திக்குத் தாவியது. பொருள் இவ்வளவு தாவும்போது ஒரு 'ங்க' விழுந்ததற்கு இத்தனை சண்டையா?

பழஞ்சோறு:
பொருள் தாவுவது வேறு, எழுத்து விழுவது வேறு தம்பி. ஏதாவது பழைய கணக்குச் சிட்டையில் 'சங்கீன்', 'சன்னீன்' என்று தமிழில் எழுதியதைக் கொண்டுவாங்க, பார்க்கலாம். அதுவரை சனி என் பக்கம்தான்.

பட்டறைக்காரன்:
உங்க பக்கம் சனி இருக்கிறதை நான் எப்போ மறுத்தேன் அண்ணே?