டைனோ பாசி (டைனோஃபிளாஜெலேட்): யூவி கிருமிநீக்கி விளக்குக்கு எவ்வளவு நீரோட்டம் வைக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. 200 லிட்டர் பவளத் தொட்டி, உலர்ந்த பாறை போட்டு ஐந்து மாதம் ஆகிறது. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே ஆரம்பத்தில் 0 ஆக இருந்தன.

மணல்மேலும் பவளக் கிளைகளிலும் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி படிகிறது, இழை நுனியில் காற்றுக் குமிழி. விளக்கு அணைந்ததும் பாதி காணாமல் போய், மறுநாள் மதியத்துக்குள் பழையபடி மூடிவிடுகிறது. கொஞ்சம் எடுத்துப் பாட்டிலில் குலுக்கி, டிஷ்யூவில் வடிகட்டி வெளிச்சத்தில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி இழையாகத் திரள்கிறது. 400 மடங்கு நுண்ணோக்கியில் கண்ணீர்த்துளி வடிவம், கூர்முனையை ஊன்றி ஒரே இடத்தில் சுழல்கிறது. டைனோக்களில் நச்சுள்ள ஆஸ்ட்ரியாப்சிஸ் இனம் என்றுதான் தோன்றுகிறது. மூன்று நத்தைகள் செத்துவிட்டன, பாவம்; நச்சை இழுக்க கார்பன் போட்டிருக்கிறது.

ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்), தண்ணீர் மாற்றம் இரண்டையும் நிறுத்தியாச்சு. இந்தச் சனியன் சத்தில்லாத பட்டினித் தொட்டியில்தான் கொழுக்கும் என்பதால் சோடியம் நைட்ரேட்டும் ட்ரைசோடியம் பாஸ்பேட்டும் ஊற்றுகிறேன். நைட்ரேட் இப்போது 5 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 5 பங்கு) நிற்கிறது. பாஸ்பேட்தான் நிற்கவில்லை: காலையில் 0.1, மாலையில் 0. புதுப் பாறை குடித்துவிடுகிறது.

இரவில் நீரில் மிதக்கிற இனம் என்பதால் 18 வாட் யூவி வாங்கியிருக்கிறேன். சம்பில் (கீழே உள்ள வடிகட்டித் தொட்டியில்) இல்லாமல் தொட்டியிலிருந்தே இழுத்து அங்கேயே விடும்படி மாட்டப்போகிறேன். மணிக்கு 200 லிட்டர் ஓட்டம் போதுமா, 600 வேண்டுமா? பாறை நிறையும்வரை பாஸ்பேட்டை இரண்டு வேளையாகப் பிரித்து ஊற்றலாமா? இதே இனத்தை ஒழித்தவர்கள் உங்கள் அளவுகளைச் சொல்லுங்கள்.