புளோயர் ஷாப்ட் வளையாமலேயே கட் ஆகிறது, ஏன்?

கோத்தகிரி பிட்டர்:
டீ பேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ட்ரையருக்குச் சூடான காற்று தள்ளும் புளோயரின் ஷாப்ட், புல்லி பக்க பேரிங்கை ஒட்டியே திரும்பத் திரும்பக் கட் ஆகிறது. முதலில் இஎன்8 ரக எஃகு போட்டிருந்தோம். உறுதியான இரும்பாகப் போடச் சொன்னார்கள், இஎன்24 போட்டோம். அதுவும் அதே இடத்தில் போய்விட்டது. ஷாப்டில் துளி வளைவு இல்லை. எஃகு வளைந்து, அப்புறம்தானே முறியும்? மேட்டுப்பாளையத்திலிருந்து புது ஷாப்ட் மேலே வருவதற்குள் இலை தேங்கிவிடுகிறது.

லேத்துக்காரர்:
முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்க தம்பி. வழவழப்பு எவ்வளவு, சொரசொரப்பு எவ்வளவு? அங்கே விட்டம் மாறுற ஸ்டெப் இருக்கா?

கோத்தகிரி பிட்டர்:
முக்கால் பங்கு வழவழப்பு அண்ணே, அலை அலையாகக் கோடு. ஸ்டெப் உண்டு, மூலை நேர்வெட்டு.

உலோகவியல் மாணவி:
இது ஃபெட்டீக் சார், திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் களைத்து முறிவது. ஒரே தடவை பெரிய சுமை வந்தால் எஃகு வளைந்து காட்டும். இங்கே பெல்ட் ஒரே பக்கம் இழுக்க, ஷாப்ட் சுற்றுகிறது. அதனால் மேற்பரப்பில் ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கு ஒரு முறை இழுபட்டு, ஒரு முறை அமுக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 960 சுற்று என்றால் 20 மணி நேரத்தில் 11.52 லட்சம் தடவை! மொத்த ஷாப்டும் தாங்கும் அளவுக்குள்தான் இருக்கும். அந்தக் கூர் மூலையில் மட்டும் அழுத்தம் குவிந்து விரிசல் பிறந்து, மெல்ல உள்ளே போகும். கடைசியில் முறிந்த சொரசொரப்பு பகுதி சின்னதாக இருப்பதால், சுமை பெரிதில்லை, மூலைதான் வில்லன். உறுதி கூடிய எஃகு கூர்மூலையை இன்னும் அதிகமாக உணரும். இஎன்24 காப்பாற்றாததில் ஆச்சரியமில்லை. ரயில் அச்சுகள் இப்படி முறிவதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் வோலர் சோதித்துக் காட்டினார்.

குன்னூர்க்காரன்:
குறுக்கே வருகிறேன். எங்கள் அடுப்பில் விறகைத் தாங்கும் கிரேட் கம்பி தொய்கிறதே, அதுவும் இதுதானா?

உலோகவியல் மாணவி:
இல்லைங்க, அது க்ரீப். சுமை மாறவே வேண்டாம். சாதா இரும்பு செக்கச்செவேல் சூட்டில் தன் எடைக்கே நாளடைவில் தொய்யும். வார்ப்பிரும்புக் கம்பி போடுங்கள்.

கோத்தகிரி பிட்டர்:
மோட்டார் வெளிச்சாய்ப்பில் இருக்கிறது. மூடுபனி ஈரத்தில் பெல்ட் கத்தினால் நைட் ஷிப்டில் இறுக்கிவிடுவார்கள். அதுவும் சேருமா?

லேத்துக்காரர்:
நல்லா சேரும். இழுவை கூடினா வளைவும் கூடும். புல்லியை பேரிங்குக்கு எவ்வளவு கிட்ட கொண்டுவர முடியுமோ கொண்டுவாங்க. இஎன்8 போதும். மூலைக்கு ரேடியஸ் கொடுங்க, அதாவது கூரா விடாம வளைவா எடுங்க, ஆனா பேரிங் உள்வளையத்தின் மூலையைவிட அது பெரிசா இருந்தா பேரிங் சரியா உட்காராது. ஸ்டெப்புக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் வளையம் வெச்சுட்டு ரேடியஸைத் தாராளமா எடுக்கலாம். கீ-வே (புல்லியைப் பிடிக்கிற கீ உட்காரும் பள்ளம்) ஸ்டெப் வரைக்கும் போகக் கூடாது. டூல் கோடு தெரியாம எமரி போடுங்க. அப்புறம், ஸ்டோரில் கழற்றி வெச்ச பழைய ஷாப்ட் இருந்தா அந்த மூலையில் டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கிக் காட்டிக்கொடுக்கிற சிவப்புச் சாயம்) அடிச்சுப் பாருங்க. சிவப்புக் கோடு வந்தா மாட்டாதீங்க, வெல்டு வெச்சு ஒட்டவும் வேண்டாம்.