‘வெதரிங்’குக்குத் தமிழ் – வியாழனுக்குள் தேவை

க., லண்டன் – திங்கள் இரவு

நம் சொல்லாக்க மடற்குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி வருகிறது. தலைப்பு ‘என் பொழுதுபோக்கு’. பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் தான் செய்த வண்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். மேசைப் போர் விளையாட்டில் ஓடும் எதிர்காலக் கவச வண்டி, உள்ளங்கை நீளம். அடிப்பாகம் ஒரு டாங்கிக் கிட்டிலிருந்து, பின்சக்கரங்கள் 1/35 அளவு லொறிக் கிட்டிலிருந்து, புகைக்குழாய் ஒரு பழைய பேனையிலிருந்து. ஓரங்களில் பச்சை உரிந்து உள்ளே துரு தெரிகிறது. தொட்டுப் பார்த்தேன். துரு இல்லை, அதுவும் வண்ணம்தான்.

அவன் எழுதிவந்த தாளில் ‘நான் இதைக் கிட்பேஷ் பண்ணி, வோஷ் அடித்து, வெதரிங் செய்தேன்’ என்று இருக்கிறது. பல கிட்டுகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்று செய்வது கிட்பேஷ், புது வண்டியை ஓடிப் பழசானதுபோல வண்ணத்தால் காட்டுவது வெதரிங். பிள்ளையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. என்னிடமும் சொல் இல்லை. இலங்கைப் புவியியல் பாடத்தில் நாங்கள் படித்த ‘வானிலையாலழிதல்’ பாறைக்குச் சரி, இந்த வண்டிக்கு ஒத்துவராது. பேச்சுக் கையேடு வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. வெதரிங், கிட்பேஷ் இரண்டுக்குமாவது சொல் தாருங்கள்.

செ., சென்னை – செவ்வாய் காலை

அம்மா, உங்கள் மடல் கண்டு மகிழ்ந்தேன். சொல் தேட வெளியே போக வேண்டியதில்லை. புறநானூறு 95ஐ எடுங்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் மின்னுகின்றன. அதியமானுடையவையோ ‘கோடுநுதி சிதைந்து, கொல்துறைக் குற்றில’. குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஔவை எதைப் புகழ்ந்தார் என்று நாம் எல்லோரும் அறிவோம். உங்கள் மாணவன் வண்ணத்தால் செய்திருப்பது அதைத்தான். தொண்டைமான் வண்டியை அதியமான் வண்டி ஆக்கியிருக்கிறான்.

எனவே என் பரிந்துரை ‘சிதைவணி’. அணி என்பது அழகுக்கும் பெயர், படைக்கும் பெயர். ஒரு சொல்லில் இரண்டும் அமைந்தன.

சிற்றுரு வண்டிக்கே நம்மிடம் பெயர் உண்டு. குறுந்தொகை 61, ‘தச்சன் செய்த சிறுமா வையம்’. பிள்ளைகள் அதில் ஏறிச் செல்லமாட்டார்கள், கையால் இழுத்தே இன்புறுவார்கள். ஆகவே ‘சிறுவையம்’ எனலாம். வையம் என்பது வை என்னும் அடியில் பிறந்தது. பொருள் வைக்கப்படுவதால் வண்டி வையம், உயிர்கள் வைக்கப்பட்டதால் உலகும் வையம். இந்த வேர் பற்றிப் பத்தாண்டுகளாகக் குறிப்பெடுத்து வருகிறேன், பிறகு விரிவாக எழுதுகிறேன்.

நா., சிங்கப்பூர் – செவ்வாய் மதியம்

ஐயா, குறுந்தொகைப் பாட்டு மனத்தை நிறைத்தது. ஆனால் சிறுவையம் என்றால் இன்றைய பிள்ளை ‘சின்ன உலகம்’ என்றுதான் எடுத்துக்கொள்வான். அதை விட்டுவிடுவோம்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக இப்படி மாதிரிகள் செய்யும் வேலையில் இருக்கிறேன், அதனால் வெதரிங் என்றால் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி செய்தது பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு. மேலே துரு நிறம். காய்ந்ததும் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை அதன்மேல் அடிப்பார்கள். அது காய்ந்த பிறகு பச்சை அக்ரிலிக். கொஞ்ச நேரம் கழித்து ஓரங்களை நீரால் நனைத்து, முரட்டுத் தூரிகையால் மெல்லக் குத்தினால், நீரில் கரையும் அந்த நடு அடுக்கு இளகி, மேலிருக்கும் பச்சை செதில் செதிலாகப் போகும். உள்ளே உள்ள துரு நிறம் வெளியே வரும். உண்மையான உரிதல் அது, வரைந்த உரிதல் இல்லை.

அடுத்தது வோஷ். நீர்த்த கரும்பழுப்பு, மேடுகளில் நிற்காமல் ஆணித்தலைச் சுற்றிலும் தகட்டு இணைப்பிலும் ஓடித் தங்கும். கடைசியில் சக்கரப் பட்டைகளில் வண்ணப்பொடி, புகைக்குழாய் வாயில் கரி.

இதில் இரண்டு வேலை இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று இருந்தது போனது: உரிதல், தேய்தல், வெயிலில் வெளுத்தல். மற்றது இல்லாதது வந்து சேர்ந்தது: புழுதி, சேறு, கரி, எண்ணெய் வழிந்த தடம். ‘சிதைவு’ முதல் பாதியை மட்டும்தான் பிடிக்கிறது. பாலைவனக் கோளில் ஓடும் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் புழுதி மட்டும் ஏற்றியிருக்கிறேன், அதுவும் வெதரிங்தான். ‘தேய்வு’, ‘படிவு’ என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால் பிள்ளைக்கு வேலையும் புரியும்.

செ., சென்னை – செவ்வாய் மாலை

தேய்வும் படிவும் நல்ல சொற்கள், ஏற்கிறேன். ஆனால் பொதுச்சொல் வேண்டுமே. அத்துடன் தங்கள் மடலில் தூரிகை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தூலிகா என்ற வடசொல்லின் திரிபு. கோல் என்றாலே போதும். ஓவியக்கோல், எழுதுகோல் போல.

நா., சிங்கப்பூர் – செவ்வாய் இரவு

தூரிகையைத் தள்ளினால் அடுத்து வண்ணத்தையும் வர்ணத்தின் திரிபு என்று ஒருவர் தள்ளச் சொல்வார். ‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று நன்னூலார் சொன்னதையே இங்கே சொல்கிறேன். தூரிகை தமிழர் கையில் பலநூறு ஆண்டு பழகிய சொல். ‘கோலால் தொட்டேன்’ என்று அந்தப் பையன் மேடையில் சொன்னால், முன்வரிசையில் இருக்கும் பாட்டிக்குக் கூடப் புரியாது.

செ., சென்னை – செவ்வாய் இரவு

வண்ணம் வடசொல் அன்று. வள், வண், வண்ணம். வளமையிலிருந்து அழகு, அழகிலிருந்து நிறம். இதை இந்தக் குழுவிலேயே பலமுறை நிறுவியிருக்கிறேன்.

வே., கரூர் – புதன் காலை

எல்லோருக்கும் வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை. பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதில் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

எங்களிடம் சேசிஸ் வரும். எஞ்சின், சட்டம், சக்கரம், அவ்வளவுதான். மற்றதை நாங்கள் கட்டுவோம். பேப்பரில் ‘கூண்டு கட்டுதல்’ என்று போடுவார்கள், பட்டறையில் ‘பாடி கட்டுறது’ என்போம். ஒரு வண்டியின் முகப்பை இன்னொன்றில் ஏற்றுவதும் உண்டு. இந்தப் பிள்ளை செய்த வேலையும் கட்டுகிற வேலைதான். எனவே ‘கட்டு’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தகட்டில் பள்ளம் இருந்தால் ‘பட்டி பார்த்து’த் தேய்ப்போம். இரண்டு கிட் சேரும் இடுக்கில் புட்டி வைத்து அடைக்கிறார்களே, அதற்குப் பட்டி பார்த்தல் என்றே எழுதலாம், புதுச்சொல் வேண்டாம்.

வெதரிங் பற்றி: நாங்கள் புதுசாகத் தெரிய வைப்பவர்கள், நீங்கள் பழசாகத் தெரிய வைக்கிறீர்கள். வீட்டில் இதை வாசித்துக் காட்டினேன். என் மனைவி, ‘புதுத் தோசைக்கல்லை பழக்குவோமே, அதுதானே’ என்றார். எண்ணெய் தடவி, சூடேற்றி, வெங்காயம் தேய்த்து, புதுக்கல்லைப் பழகின கல்லாக ஆக்குவது. கல்லுக்கு எண்ணெய், வண்டிக்குப் பெயிண்ட். ‘பழக்குதல்’ சரியாக வருமா?

நா., சிங்கப்பூர் – புதன் மதியம்

அண்ணா, உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தேய்வும் படிவும் இரண்டுமே ‘பழக்குத’லுக்குள் அடங்கிவிடுகின்றன. பழகின கல்லில் கருமை படிந்தும் இருக்கும், ஓரம் தேய்ந்தும் இருக்கும்.

கிட்பேஷுக்கும் உங்கள் ‘கட்டு’ என்னை ஓரிடத்துக்குக் கொண்டுபோனது. மாமரத்தில் ஒட்டுக்கட்டுவோம் அல்லவா? ஒரு மரத்தின் தண்டில் இன்னொன்றின் கொம்பைப் பொருத்திக் கட்டினால் இரண்டும் ஒரே உடம்பாக வளரும். பிளாஸ்டிக்கிலும் அதேதான். பாலிஸ்டைரீனுக்கு நாங்கள் பயன்படுத்தும் பசை உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்க வைத்துவிட்டு ஆவியாகிப் போகும். மறுநாள் முறித்தால் இணைப்பில் முறியாது, பக்கத்தில் முறியும். சூப்பர் குளூ அப்படி இல்லை, நடுவில் நின்று பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. ரெசின் உறுப்புக்கு அதைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. ஆகவே ‘ஒட்டுக்கட்டு’ என்பது உவமை மட்டும் இல்லை, வேலையின் உள்ளே நடப்பதும் அதுதான்.

வரலாறும் பிள்ளைக்கு உதவும். எச்.ஜி.வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போருக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு விண்கல மாதிரிகள் செய்தவர்கள், கடையில் விற்ற டாங்கி, விமானக் கிட்டுகளின் உதிரிகளைத்தான் மேலெல்லாம் ஒட்டினார்கள். வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டு நொட்டிங்ஹாமிலிருந்து 1987இல் வந்த காலத்தில் வண்டிக் கிட்டுகள் அரிது, டியோடரண்ட் குப்பியைக் கொண்டு மிதக்கும் டாங்கி செய்யும் முறையைத் தயாரித்தவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தம்பியின் பேனைக் குழாய் அந்த மரபில் வருகிறது.

செ., சென்னை – புதன் மாலை

ஒட்டுக்கட்டு உழவர் சொல், மறுக்கவில்லை. ஆனால் ‘ஒட்டுவேலை’ என்றால் மக்கள் மட்டமான வேலை என்று கொள்கிறார்கள். ‘வைகல் எண்தேர் செய்யும் தச்சன்’ ஒரு திங்கள் முழுதும் பாடுபட்டு ஒரே ஒரு சக்கரம் செய்தால் எப்படி இருக்கும் என்று புறநானூறு 87 அதியமானுக்கு உவமை சொல்கிறது. நாளுக்கு எட்டுத் தேர் செய்பவன் ஒரு காலுக்காக ஒரு மாதம் செலவிடும் அந்தப் பொறுமை இந்தக் கைத்தொழிலுக்கு உரியது. அந்தப் பாட்டில் முயன்று செய்தல் என்ற பொருளில் வரும் ‘வலித்தல்’ என்ற வினையை எடுத்துத் ‘தேர்வலிப்பு’ எனலாமே?

வே., கரூர் – புதன் மாலை

ஐயா, வலிப்பு என்றால் எங்கள் ஊரில் நோய்.

அ., ரொறன்ரோ – புதன் இரவு

நான் இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். க. அக்காவுக்காக எழுதுகிறேன்.

எனக்கு ‘சிதைவணி’ வேண்டாம். அணி என்ற சொல்லைச் சிதைவோடு சேர்த்து வாசிக்க என்னால் முடியவில்லை. ஆனையிறவில் ஏ9 வீதி ஓரத்தில் இரும்புத்தகடு போர்த்த புல்டோசர் ஒன்று நிற்கிறது, 1991 சண்டையில் ஓடியது. ஒரு வாகனத்தை வெட்டி ஒட்டி இன்னொன்றாக மாற்றுவது என்றால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அதுதான். அதன் துருவும் துளையும் யாரும் தூரிகையால் வைத்தவை அல்ல. எறிகணை, கவசவாகனம் என்ற சொற்களை நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. சத்தம் கேட்டுப் படித்தோம்.

பிள்ளையின் விளையாட்டைத் தடுக்கச் சொல்லவில்லை. என் மகனும் இதைத்தான் செய்கிறான், அவன் வண்ணம் தீட்டும்போது பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அந்தக் கவனம் எனக்குப் பிடிக்கும். ஆனால் வடு, சிதைவு, விழுப்புண் என்று சொற்களைக் கொண்டுபோய் அவன் நாவில் வைக்காதீர்கள். தோசைக்கல்லின் சொல் எனக்குச் சம்மதம். அது எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

செ., சென்னை – வியாழன் காலை

தம்பி, உங்கள் மடலைப் பலமுறை படித்தேன். புறநானூற்றை நான் நூலகத்தில் இருந்து படித்தவன். நீங்கள் எழுதியதற்கு எதிராக நான் எதுவும் சொல்லமாட்டேன். மேடைக்குச் ‘சிதைவணி’ வேண்டாம். என் சொல்தொகையில் அது இருக்கும், நான் அதைக் கைவிடவில்லை.

க., லண்டன் – வியாழன் மதியம்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மாணவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாச் சொல்லையும் சொல்லிக் கேட்டேன். ‘பழக்குதல்’ என்றதும், ‘என்ர வண்டி பழகினது மாதிரி இருக்கு எண்டு சொல்லலாமா ரீச்சர்?’ என்று அவனே ஒரு வசனம் கட்டிவிட்டான். சிதைவணியை அவனால் இரண்டு தடவை முயன்றும் சொல்ல முடியவில்லை. ஒட்டுக்கட்டு என்றால் என்ன என்று விளக்க மாமரத்தில் தொடங்கவேண்டியிருந்தது, அவன் மாமரத்தை நேரில் பார்த்ததில்லை. ஆனால் கேட்டு முடித்ததும் ‘அப்ப இது சரிதான்’ என்றான்.

கையேட்டில் இவை போகின்றன: கிட்பேஷ் – ஒட்டுக்கட்டு. வெதரிங் – பழக்குதல், அதற்கான வண்ணவேலை பழக்குப்பூச்சு. அதன் உட்பிரிவுகள் தேய்வு, படிவு. புட்டி வேலை – பட்டி பார்த்தல். வோஷுக்கு இன்னும் சொல் இல்லை. ‘கழுவல்’ என்று போட எனக்கு மனமில்லை, கழுவினால் அழுக்குப் போகும், இங்கே அழுக்கு வருகிறது. ‘நிழல்நீர்’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன்.

நா., சிங்கப்பூர் – வியாழன் மதியம்

நிழல்நீர் அழகு. அதையே வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

செ., சென்னை – வியாழன் மாலை

ஒரு திருத்தம், அச்சுக்கு முன் பார்க்க வேண்டும். பழக்கு என்பது வினையடி. பழக்கும் பூச்சு, பழக்கிய பூச்சு என்று விரியும்போது அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. எனவே ‘பழக்குபூச்சு’ என்பதே சரி.

நா., சிங்கப்பூர் – வியாழன் மாலை

பழக்கு என்பதை முதனிலைத் தொழிற்பெயராகக் கொண்டால் வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகும், ஐயா. பழக்குக்கான பூச்சு, பழக்குப்பூச்சு. வாயில் வருவதும் அதுதான்.

செ., சென்னை – வியாழன் இரவு

பழக்கு முதனிலைத் தொழிற்பெயராக எந்த நூலில் ஆளப்பட்டிருக்கிறது? ஒரே ஓர் எடுத்துக்காட்டுத் தந்தால் ஏற்பேன்.

க., லண்டன் – வியாழன் இரவு

ஐயா, மன்னிக்கவேண்டும். நாலு மணிக்கே அச்சுக்குப் போய்விட்டது. ப் மிகுந்தே போயிருக்கிறது.